ஜெஸ்ஸி மேத்யூஸ்: ஒரு நீதிபதியின் வாக்கியம் மட்டுமா அவரை வீழ்த்தியது?

ஜெஸ்ஸி மேத்யூஸ் பற்றிப் படிக்கத் தொடங்கினால் முதலில் குழப்பம்தான் வரும். ஓரிடத்தில் அவர் 1930களில் பிரிட்டனின் மிகப் பெரிய பாட்டு நடன நட்சத்திரம். இன்னோரிடத்தில் விவாகரத்து வழக்கில் பெயர் கெட்டு, அத்தோடு வாழ்க்கையும் கெட்டுப்போனவர். மூன்றாவது இடத்தில் பி.பி.சி. வானொலித் தொடர் ஒன்றில் டாக்டர் மனைவியாகக் குரல் கொடுத்த வயதான அம்மாள். மூன்றும் ஒரே ஆள்தான்.

இந்த மூன்றையும் இணைக்க ஒரு சுலபமான கதை சொல்லப்படுகிறது: ஏழைப் பெண் உச்சிக்குப் போனாள், அவதூறு வந்தது, விழுந்தாள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் பொருந்தவில்லை. வழக்கு நடந்தது 1930இல். அவருடைய பெரிய படங்கள் எல்லாம் 1933க்கும் 1938க்கும் இடையில் வந்தவை. காரணம் முதலில் வந்து, விளைவு எட்டு வருடம் கழித்து வருமா? அப்படியானால் உண்மையில் நடந்தது என்ன? அதைப் புரிந்துகொள்ள அன்றைய மேடைத் தொழில், விவாகரத்துச் சட்டம், சினிமாச் சட்டம், ஒரு ஸ்டூடியோவின் கணக்கு, ஒரு நடன ஆசிரியரின் உழைப்பு ஆகியவற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோஹோ சந்தையிலிருந்து

ஜெஸ்ஸி மார்கரெட் மேத்யூஸ் 1907 மார்ச் 11 அன்று லண்டனின் சோஹோ பகுதியில் பிறந்தார். தந்தை அங்கே பெரிக் தெருச் சந்தையில் காய்கறி, பழம் விற்றவர். எழுத்தில் பெர்விக், பேச்சில் பெரிக். வீட்டில் பிறந்த குழந்தைகள் பதினாறு, ஜெஸ்ஸி ஏழாவது. பிறந்தவர்களில் சிலர் பிழைக்கவில்லை.

அக்கா ரோசிதான் தங்கையின் கால்களில் இருந்த திறமையைக் கவனித்து நடன வகுப்புக்கு அனுப்பியவர். பாலே முதலில் வந்தது. அதோடு இன்னொரு பயிற்சியும் வந்தது, உச்சரிப்புப் பயிற்சி. லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சை காக்னி என்பார்கள். அந்தப் பேச்சோடு கதாநாயகியாக மேடையேற அன்று வழியில்லை. எனவே சந்தைக் கடைக்காரரின் மகள் சீமாட்டிகளின் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டார். கற்றதைக் கடைசிவரை விடவில்லை. இந்த உச்சரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு முறை தேவைப்படும்.

1919 டிசம்பரில், பன்னிரண்டு வயதில், ஒரு குழந்தைகள் நாடகத்தில் முதல் மேடை. அப்புறம் குழு நடனம்.

ரெவ்யூ என்றால் என்ன?

1920களின் லண்டன் மேடையில் ரெவ்யூ என்ற வடிவம் கொடிகட்டிப் பறந்தது. தொடர் கதை கிடையாது. ஒரு பாட்டு, ஒரு நகைச்சுவைத் துணுக்கு, ஒரு நடனம், மறுபடி பாட்டு என்று இரண்டு மூன்று மணி நேரம் ஓடும். இதில் இரண்டு தயாரிப்பாளர்கள் முன்னணியில் இருந்தார்கள்: ஆந்த்ரே ஷார்லோ, சார்லஸ் காக்ரன். ஜெஸ்ஸி இருவரிடமும் வேலை பார்த்தார்.

ரெவ்யூ ஒரு நடிகைக்கு என்ன செய்யும் என்பதை அவர் பாதையே காட்டும்.

1. குழுவில் ஆடும் பெண் பெரிய நட்சத்திரத்துக்கு மாற்று நடிகையாகவும் இருப்பாள். அதாவது அவருடைய பாட்டு, வசனம், அசைவு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, அவரால் மேடையேற முடியாத நாளுக்காகக் காத்திருப்பாள். 1924இல் ஷார்லோவின் குழு அமெரிக்கா போனபோது ஜெஸ்ஸி கெர்ட்ரூட் லாரன்ஸுக்கு மாற்று. குழு கனடாவின் டொராண்டோவுக்குப் போனபோது லாரன்ஸ் நிமோனியாவில் படுத்தார். பதின்ம வயதுப் பெண் அவருடைய இடத்தில் நின்றாள்.

2. ஒரே இரவில் ஐந்தாறு வேடம் போட வேண்டும். ஆடை மாற்ற நிமிடங்கள்தான் கிடைக்கும். பாட்டு, நடனம், நகைச்சுவை மூன்றும் ஒரே உடம்பில் வந்தாக வேண்டும்.

3. புதுப் பாட்டுகளை முதலில் மக்களிடம் கொண்டுபோகும் இடம் இதுதான். 1927இல் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், லொரென்ஸ் ஹார்ட் இணை எழுதிய பாட்டு, 1928இல் நோயல் கவர்டின் ரெவ்யூ, 1929இல் கோல் போர்ட்டரின் பாட்டுகள் என்று மூன்றே ஆண்டுகளில் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பாட்டாசிரியர்கள் எல்லாரும் அவர் குரலுக்குப் பாட்டு தந்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயதுக்குள் இத்தனை கிடைத்த இன்னொருவரைத் தேடிப்பிடிப்பது கடினம்.

இந்த ரெவ்யூக்களில் அவரோடு ஜோடியாகப் பாடியவர் சோனி ஹேல். நகைச்சுவை நடிகர், கண்ணாடி அணிந்தவர், திருமணமானவர். மனைவி ஈவ்லின் லே, அன்றைய லண்டன் மேடையில் எல்லோரும் நேசித்த பாடகி. ஜெஸ்ஸிக்கும் அப்போது கணவர் இருந்தார். 1926இல் நடிகர் ஹென்றி லிட்டனின் மகனை மணந்திருந்தார். அந்த மணம் 1929இல் முறிந்தது.

1930 வழக்கு: இரண்டு சட்டங்களின் சந்திப்பு

ஈவ்லின் லே விவாகரத்துக் கேட்டார். வழக்கில் ஜெஸ்ஸி, ஹேலுக்கு எழுதிய காதல் கடிதங்கள் சான்றாக வந்தன. நீதிபதி சர் மாரிஸ் ஹில் கணவரைக் கயவன் என்றார். ஜெஸ்ஸியைப் பற்றிச் சொன்ன வார்த்தைதான் நிலைத்தது: அருவருப்பான மனம் கொண்டவர் என்று அந்தக் கடிதங்கள் காட்டுகின்றனவாம்.

அந்த ஒரு வாக்கியம் ஏன் நாடு முழுக்கப் பரவியது? இங்கே இரண்டு சட்டங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 1923ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம். அதற்கு முன் இங்கிலாந்தில் கணவர் விவாகரத்துப் பெற மனைவியின் பிறன்மனை உறவை நிரூபித்தால் போதும். மனைவி கேட்டால் அது மட்டும் போதாது. கொடுமை, கைவிடல் போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 1923இல்தான் இது சமமாயிற்று. ஈவ்லின் லே போன்ற ஒரு பெண் நேராக நீதிமன்றம் போக முடிந்ததே இந்தச் சட்டத்தால்தான். அது நல்ல மாற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிரூபிக்க வேண்டியது இன்னும் பிறன்மனை உறவுதான். ஆகவே இன்னொரு பெண் இருந்ததைச் சபையில் நிரூபிக்காமல் வழக்கை வெல்லும் வழி இல்லை.

இரண்டாவது, 1926இல் வந்த செய்திக் கட்டுப்பாட்டுச் சட்டம். விவாகரத்து வழக்குகளின் சாட்சியங்களைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக அச்சிட்டுவந்ததைத் தடுக்க வந்தது. அதன்படி அச்சிடக்கூடியவை: வழக்காடுபவர்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயர், முகவரி, தொழில், குற்றச்சாட்டின் சுருக்கம், சட்ட வாதங்கள், நீதிபதியின் தொகுப்புரை, தீர்ப்பு, கருத்து. விளைவைப் பாருங்கள். கடிதத்தை அச்சிட அந்தச் சட்டம் இடம் தரவில்லை. கடிதத்தைப் பற்றி நீதிபதி சொன்னதை அச்சிட இடம் தந்தது. படிக்கும் மக்களுக்குச் சான்று போய்ச் சேராது, தீர்ப்புரை மட்டும் போய்ச் சேரும். அந்தரங்கத்தைக் காக்க வந்த சட்டம், ஒரு மனிதரின் கோபச் சொல்லைத் தனியாகப் பிரித்து மேடையேற்றிவிட்டது. கணவரைச் சொன்ன 'கயவன்' மறைந்துபோனது, பெண்ணைச் சொன்னது ஐம்பது வருடம் கூடவே வந்தது என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தரும் விஷயம்.

சரி, இதனால் தொழில் போய்விட்டதா? அதே 1930 டிசம்பரில் லண்டன் அடெல்ஃபி தியேட்டரில் காக்ரன் தன் பெரிய இசை நாடகத்தைத் தொடங்கினார். பெயர் 'எவர் க்ரீன்'. கதாநாயகி ஜெஸ்ஸி மேத்யூஸ். எதிரில் சோனி ஹேல். 254 காட்சிகள் ஓடியது. 1931 ஜனவரியில் இருவரும் மணந்துகொண்டார்கள். அவதூறு அவர் மனதைக் காயப்படுத்தியது, நண்பர்களை இழக்க வைத்தது என்பதெல்லாம் உண்மை. ரசிகர்களை அது தடுக்கவில்லை.

கோட்டாச் சட்டம் ஒரு நட்சத்திரத்தை எப்படி உருவாக்கும்?

1926 வாக்கில் பிரிட்டிஷ் தியேட்டர்களில் ஓடிய படங்களில் உள்நாட்டுப் படம் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி அமெரிக்கப் படம். இதை மாற்ற 1927இல் சினிமாச் சட்டம் வந்தது. தியேட்டர்காரர்கள் 5 சதவீதம், விநியோகஸ்தர்கள் 7.5 சதவீதம் பிரிட்டிஷ் படம் எடுத்தாக வேண்டும் என்று ஆரம்பித்து, 1930களின் நடுவில் அது 20 சதவீதத்தை எட்டும்படி வகுத்திருந்தார்கள்.

இதனால் இரண்டு வகைப் படங்கள் பிறந்தன. ஒன்று, கணக்குக் காட்ட மட்டும் அவசர அவசரமாக எடுக்கப்பட்ட மலிவுப் படம். மற்றது, இனி உள்நாட்டுப் படத்துக்கு உறுதியான இடம் உண்டு என்று நம்பிப் பெரிய பணம் போட்ட படம். இரண்டாவது வகையில் முன்னால் நின்றது கௌமான்-பிரிட்டிஷ் நிறுவனம். ஆஸ்ட்ரர் சகோதரர்கள் முதலாளிகள். மைக்கேல் பால்கன் தயாரிப்புத் தலைவர். லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் பெரிய ஸ்டூடியோ. நாடெங்கும் 300க்கும் மேற்பட்ட சொந்தத் தியேட்டர்கள். படம் எடுப்பதும் காட்டுவதும் ஒரே கையில்.

அப்போதுதான் பேசும் படம் வந்திருந்தது. பாடவும் ஆடவும் பேசவும் தெரிந்த ஆள் வேண்டும். ரெவ்யூவில் பழுத்த ஜெஸ்ஸி தயாராக நின்றார். அந்த சீமாட்டி உச்சரிப்பும் மைக்குக்குப் பொருந்திவந்தது. 1933இல் 'தி குட் கம்பானியன்ஸ்' படத்தில் ஜான் கீல்குட்டோடு நடித்தார். இயக்குநர் விக்டர் சாவில். அடுத்து சாவிலும் அவரும் சேர்ந்த படங்கள்தான் இன்று நாம் பேசும் படங்கள். இடையில் 1934இல் ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக்கின் இசைப் படம் ஒன்றிலும் நடித்தார். இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஹிட்ச்காக்கே அந்தக் காலத்தைத் தன் தொழில் வாழ்வின் மிகத் தாழ்ந்த கட்டம் என்று பின்னாளில் சொன்னார்.

'எவர்க்ரீன்', பட்டி பிராட்லி

மேடையில் இரண்டு சொல்லாக இருந்த 'எவர் க்ரீன்', 1934இல் படமானபோது 'எவர்க்ரீன்' என்று ஒரு சொல் ஆயிற்று. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புபவர்கள் நிறைய. பாட்டுகளில் சில மேடையிலிருந்து வந்தவை. படத்தில் மிகப் பிரபலமான 'ஓவர் மை ஷோல்டர்' பாட்டோ ஹாரி வுட்ஸ் படத்துக்காகப் புதிதாக எழுதியது.

கதை இது. ஒரு பழைய இசையரங்கப் பாடகி ஒரு ரகசியத்தால் மிரட்டப்பட்டு மேடையை விட்டு ஓடுகிறாள். பல வருடம் கழித்து, வேலையில்லாமல் திரியும் அவளுடைய மகள் அம்மாவைப் போல வேடமிட்டு வருகிறாள். அறுபது வயதிலும் இளமை மாறாத அதிசயப் பெண் என்று லண்டன் வியக்கிறது. அம்மா, மகள் இரண்டும் ஜெஸ்ஸி.

இந்தப் படத்தின் நடனத்தைப் புரிந்துகொள்ள பட்டி பிராட்லியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த கறுப்பினக் கலைஞர். 1920களில் நியூயார்க்கில் பில்லி பியர்ஸ் நடத்திய பயிற்சிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார். நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயின் வெள்ளை நட்சத்திரங்கள் வரிசையாக அங்கே வந்து அசைவுகளைக் கற்றுக்கொண்டு போனார்கள். நிகழ்ச்சித் தாளில் அவர் பெயர் வராது. 1928இல் ஒரு பெரிய ரெவ்யூவின் நடனங்களை அவர் முழுக்க மாற்றியமைத்தார். அச்சில் இருந்தது பஸ்பி பெர்க்லி என்ற வெள்ளை நடன அமைப்பாளரின் பெயர்.

1930இல் காக்ரன் அவரை லண்டனுக்கு அழைத்துவந்தார். இங்கே பெயர் அச்சானது. லண்டனில் வெள்ளையர் நடித்த ஒரு முழு நிகழ்ச்சிக்கு நடனம் அமைத்த முதல் கறுப்பினக் கலைஞர் என்று நடன வரலாற்றாளர்கள் அவரைக் குறிக்கிறார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் லண்டனிலேயே தங்கி நடனப் பள்ளி நடத்தினார்.

அவருடைய முறை தனித்துவமானது. டாப் நடனம் என்பது காலணி அடியில் பொருத்திய உலோகத் தகடுகளால் தரையில் தாளம் தட்டும் நடனம். பொதுவாகப் பாட்டின் மெட்டைக் கால் பின்தொடரும். பிராட்லி ஜாஸ் இசைத்தட்டுகளை வாங்கி, மெட்டை விட்டுவிட்டு, தனி வாசிப்பில் கலைஞர் எங்கே அழுத்தம் கொடுக்கிறார் என்று கேட்டு, அந்த அழுத்தங்களைக் கோத்து அடவுகளாக்கினார். அதனால் ஆடுபவரின் கால் எதிர்பாராத இடத்தில் விழும்.

இதைப் பாலே பயின்ற ஓர் உடம்பில் ஏற்றினால் என்ன வரும்? ஜெஸ்ஸியின் நடனம் வரும். மேலுடல் பாலேக்காரி போல மிதக்கும், முதுகு பின்னால் வில்லாக வளையும், கால் தலைக்கு மேல் போகும். கீழே பாதம் மட்டும் ஜாஸ் பேசிக்கொண்டிருக்கும். 'டான்சிங் ஆன் த சீலிங்' பாட்டில் அவர் தனியாக, வீட்டின் அறைகளூடே ஆடிப் போவதைப் பாருங்கள். மேடையில் இதே பாட்டுக்குத் தரையிலிருந்து ஒரு தலைகீழ்ச் சரவிளக்கு எழும், மேடையே உட்கூரை ஆகிவிடும். படத்தில் அந்த ஜாலம் எதுவும் இல்லை. ஒரு பெண், ஒரு வீடு, கேமரா, அவ்வளவுதான். எனக்கு அவருடைய ஆட்டங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் தனி ஆட்டங்கள். அப்போது அமெரிக்க நடன நட்சத்திரம் ஃப்ரெட் அஸ்டேர் லண்டன் மேடையில் நடித்துக்கொண்டிருந்தார். அவரை ஜோடியாக்க கௌமான் விரும்பியது, அவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்த ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் பட நிறுவனம் விடவில்லை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒப்பந்தம் என்றால் அன்று கால்ஷீட் மட்டுமல்ல, ஆளே நிறுவனத்துக்குச் சொந்தம். அதே கயிறு ஜெஸ்ஸியையும் கட்டியிருந்தது. அவருடைய ஒப்பந்தம் கௌமானிடம். தன் ஒரே பெரிய ஏற்றுமதிச் சரக்கை ஹாலிவுட்டுக்கு அனுப்ப அது ஏன் சம்மதிக்கும்?

வேஷத்துக்குள் வேஷம்

சாவில் இயக்கிய மூன்று பெரிய படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும்.

1. 'எவர்க்ரீன்', 1934: இளம்பெண் அறுபது வயதுக்காரியாக நடிக்கிறாள்.
2. 'ஃபர்ஸ்ட் எ கேர்ள்', 1935: பெண், பெண்வேடமிடும் ஆணாக நடிக்கிறாள். இது ஜெர்மானியப் படமான 'விக்டர் உன்ட் விக்டோரியா'வின் ரீமேக். 1982இல் ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த 'விக்டர் விக்டோரியா'வும் அதே மூலத்திலிருந்து வந்தது.
3. 'இட்ஸ் லவ் அகெய்ன்', 1936: வாய்ப்புக் கிடைக்காத நடனப் பெண், இந்தியாவில் புலிவேட்டை ஆடித் திரும்பிய சீமாட்டி என்று பத்திரிகைகள் கற்பனையாக உருவாக்கிய ஆளாக நடிக்கிறாள்.

மூன்றிலும் அவள் தான் அல்லாத ஒருத்தியாக வாழ்ந்து வெற்றி பெறுகிறாள்; எந்த நேரமும் மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் கூடவே இருக்கிறது. சோஹோ சந்தையிலிருந்து வந்து சீமாட்டி உச்சரிப்பில் பேசிய ஒருவர் இதை நடிப்பதில் இருந்த உண்மையைத் திரையில் இன்றும் உணர முடிகிறது. அந்தப் பெரிய கண்களில் எப்போதும் ஒரு படபடப்பு உண்டு.

அதே காலத்தில் பிரிட்டனின் இன்னொரு பெரும் நட்சத்திரம் கிரேசி ஃபீல்ட்ஸ். அவர் லங்காஷைர் ஆலை ஊரின் பேச்சை அப்படியே வைத்துக்கொண்டு பாடினார். மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெண் என்று கொண்டாடினார்கள். ஜெஸ்ஸியும் உழைக்கும் குடும்பத்துப் பெண்தான். ஆனால் திரையில் அவரைக் கேட்ட யாருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை.

1937 முதல் 1942 வரை: உண்மையில் என்ன நடந்தது?

வீழ்ச்சிக்கான காரணங்கள் இங்கேதான் இருக்கின்றன.

1. கௌமான் பணத்தை இழந்தது. அமெரிக்கச் சந்தையைப் பிடிக்க எடுத்த பெரிய படங்கள் போதிய வசூல் தரவில்லை. 'எவர்க்ரீன்' நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் ஓடியது, விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் அமெரிக்கத் தியேட்டர்களில் பெரும் பகுதி அங்குள்ள ஸ்டூடியோக்களின் கையிலேயே இருந்தது. வெளிநாட்டுப் படத்துக்கு நல்ல தேதி, நல்ல தியேட்டர் கிடைப்பது அரிது. 1936இல் பால்கன் வெளியேறினார். 1937இல் ஷெப்பர்ட்ஸ் புஷ் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு நின்றது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் சினிமாத் தொழில் மொத்தமும் சரிந்தது.

2. இயக்குநர் மாறினார். சாவில் போன பிறகு அடுத்த மூன்று படங்களை, அதாவது 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்', 'கேங்வே', 'செயிலிங் அலாங்' ஆகியவற்றை, கணவர் சோனி ஹேலே இயக்கினார். ஹேல் நல்ல நகைச்சுவை நடிகர். சாவிலுக்கு இருந்த தாளம் அவர் படங்களில் இல்லை. 'செயிலிங் அலாங்' படத்தில்தான் அமெரிக்க நடனக்காரர் ஜாக் வைட்டிங் ஜோடியாக வந்தார். கடைசியில் ஒரு துணை கிடைத்தபோது காலம் கடந்திருந்தது. அடுத்து 1938இல் கேரல் ரீட் இயக்கிய நகைச்சுவைப் படத்தில் ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை.

3. உடம்பும் மனமும் தளர்ந்தன. ரெவ்யூக் காலத்திலிருந்து ஓய்வே இல்லை. 1934 டிசம்பரில் பிறந்த மகன் சில மணி நேரங்களிலேயே இறந்தான். பிறகு ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். நரம்புத் தளர்ச்சி மீண்டும் மீண்டும் வந்தது. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் இதைக் குணக்கேடு என்று எழுதின. குழந்தையை இழந்த ஒரு தாய்க்கு, தினமும் மணிக்கணக்கில் ஆடவேண்டிய ஒரு தொழிலாளிக்கு, அது நோய்தான்.

4. போர் வந்தது. 1939 செப்டம்பரில் லண்டனுக்கு வர இருந்த அவருடைய மேடை நிகழ்ச்சி போர் அறிவிப்போடு நின்றது. 1941 இறுதியில் பிராட்வே நாடகம் ஒன்றுக்காக அமெரிக்கா போனார். முன்னோட்டக் காட்சிகள் நடக்கும்போதே நோய் முற்றி விலக நேர்ந்தது. அவர் இல்லாமல் 1942 ஜனவரியில் தொடங்கிய அந்த நாடகம் மூன்றே காட்சிகளில் மூடப்பட்டது. ஹேலுடனான மணம் 1944இல் முடிந்தது.

இந்த நான்கிலும் 1930 தீர்ப்பு நேரடியாக இல்லை. மூன்றாவதில் அதன் நிழல் இருக்கலாம். ஆனால் ஒரு ஸ்டூடியோ மூடப்பட்டதற்கும் ஹிட்லரின் போருக்கும் ஒரு காதல் கடிதம் எப்படிக் காரணமாகும்? அவதூறுக் கதை ஏன் நிலைத்தது என்றால், ஸ்டூடியோவின் வரவு செலவைவிட ஒரு பெண்ணின் குணத்தைப் பற்றிப் பேசுவது எளிது.

அதன்பின் திரும்ப வந்திருக்கலாமே என்று கேட்கலாம். முயன்றார். 1944இல் ஒரு திரில்லர் படத்தில் நடித்தார், ஒரு குறும்படத்தை இயக்கவும் செய்தார். அன்று பிரிட்டனில் பெண் இயக்குநர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் அவருக்கு ஏற்ற இசைப் படத்தைப் பெரிய செலவில் எடுக்க யாரும் முன்வரவில்லை. மக்களின் காதும் மாறிவிட்டது. 1930களில் மைக்குக்கு அழகாக இருந்த அந்த உச்சரிப்பு 1950களில் பழசாகக் கேட்டது. வட இங்கிலாந்துப் பேச்சும் தெருப் பேச்சும் மேடைக்கும் திரைக்கும் வரத் தொடங்கியிருந்தன. பிறந்தபோது அவரிடம் இருந்த பேச்சு நாகரிகமானபோது, அவரிடம் அது இல்லை.

முகம் தெரியாத இரண்டாம் வாழ்வு

1950களில் நாடகக் குழுக்களோடு சுற்றினார், ஆஸ்திரேலியாவிலும் நடித்தார். 1958இல் 'டாம் தம்' படத்தில் நாயகனின் அம்மாவாக வந்தார்.

1963இல் பி.பி.சி. அழைத்தது. 'மிசஸ் டேல்ஸ் டைரி' என்ற தினசரி வானொலித் தொடர் 1948இல் தொடங்கியது. 1962இல் 'தி டேல்ஸ்' என்று பெயர் மாறியது. லண்டன் புறநகரில் வாழும் ஒரு டாக்டரின் மனைவி, அவள் குடும்பம், அன்றாடக் கவலைகள். முதலிலிருந்து நடித்துவந்த எல்லிஸ் பவலை நீக்கிவிட்டு அந்த இடத்துக்கு ஜெஸ்ஸியைக் கொண்டுவந்தார்கள். பவலுக்கு அது பெரிய அநீதி என்று கேட்டவர்கள் பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

இங்கேதான் அந்த உச்சரிப்பு இரண்டாம் முறை வேலைக்கு வருகிறது. நடுத்தர வர்க்க டாக்டர் மனைவிக்கு அதுவே பொருத்தமான குரல். 1969 ஏப்ரலில் தொடர் முடியும்வரை அவர்தான் மிசஸ் டேல். கால்களால் உலகம் அறிந்த ஒருவர், கால்களே தெரியாத ஊடகத்தில் ஆறு ஆண்டுகள் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார். 1970இல் அரசு ஓ.பி.இ. என்ற பிரிட்டிஷ் கௌரவ விருது தந்தது.

அப்புறமும் ஓயவில்லை. 1978இல் மன்னர் எட்டாம் எட்வர்டின் முடிதுறப்பைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரில், மன்னர் மணக்க விரும்பிய திருமதி சிம்சனின் அத்தையாக வந்தார். 1979இல் லாஸ் ஏஞ்சலஸில் தனி மேடை நிகழ்ச்சி நடத்தினார். ஹாலிவுட்டின் ஊரில் அவர் பெயரை மட்டும் வைத்து ஒரு மேடை நிறைந்தபோது அவருக்கு 72 வயது. 1981 ஆகஸ்ட் 19 அன்று புற்றுநோயால் இறந்தார். லண்டனின் ரைஸ்லிப் பகுதியில் ஒரு தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார். கல்லறையில் பெயர்க்கல் வைக்கப்படவில்லை. 1995இல் பெரிக் தெருவில் ஒரு மதுக்கடைச் சுவரில் நினைவுப் பலகை பதித்தார்கள். திறந்துவைத்தவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர்.

எதிலிருந்து பார்க்கலாம்?

முதலில் 'எவர்க்ரீன்'. அதில் 'ஓவர் மை ஷோல்டர்' பாட்டு வரும் கடைசி ஆட்டத்தில், அறுபது வயதுக்காரியின் வேஷத்தை மேடையிலேயே களைந்துவிட்டு அவர் ஆடத் தொடங்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். முகத்தைப் பார்த்து முடித்த பிறகு அதே ஆட்டத்தை இன்னொரு முறை ஓடவிட்டுப் பாதத்தை மட்டும் பாருங்கள். பட்டி பிராட்லி அங்கே இருக்கிறார். அடுத்தது 'இட்ஸ் லவ் அகெய்ன்'. அதில் கண்ணை மூடிக்கொண்டு வசனத்தைக் கேளுங்கள். அரசவையில் வளர்ந்தவள் போலப் பேசும் அந்தக் குரலுக்குப் பின்னால், தக்காளியும் உருளைக்கிழங்கும் கூவி விற்ற ஒரு தெரு இருக்கிறது.